புது கார்வெட்டில் டிக் டிக்: இன்ஜெக்டரா, லிஃப்டரா, எக்ஸாஸ்ட் கசிவா?

புதுசாக எடுத்த செவர்லே ஸ்போர்ட்ஸ் கார் சி8 கார்வெட் ஸ்டிங்ரேயில் சீட்டுக்குப் பின்னால் டிக் டிக் என்று கேட்டால், விசாரிக்கிற இடத்தில் எல்லாம் இரண்டே பதில்தான் கிடைக்கும். "டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி, அப்படித்தான் இருக்கும், விடுங்க" என்பது ஒன்று, அதாவது பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் சத்தம் என்கிறார்கள். "லிஃப்டர் போயிடுச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்பது இன்னொன்று; வால்வைத் திறக்க உதவும், எண்ணெய் நிரம்பிய சிறு பாகம்தான் லிஃப்டர். வண்டியைக் காதால் கேட்காமலே சொல்கிற பதில்கள் இவை, இரண்டையும் நம்ப வேண்டாம். அந்த 6.2 லிட்டர் எல்டி2 எஞ்சினில் டிக் என்று ஒலிக்கக்கூடிய இடங்கள் பல. எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பதால் முன்பக்க எஞ்சின் வண்டியில் காதுக்கே எட்டாத சத்தமும் இதில் எட்டும்.

முதலில் தாளம். ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்கும்போது, எஞ்சின் 600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 600 சுற்று) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம்ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும், அதாவது நொடிக்கு 5 சுற்று. ஒரே ஒரு லிஃப்டர் தட்டினால் நொடிக்கு 5 டிக், கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். எட்டு இன்ஜெக்டரும் சேர்ந்தால் நொடிக்கு 40, அதை யாராலும் எண்ண முடியாது, டைப்ரைட்டரில் வேகமாக அடிப்பதுபோல ஒரே சீராகக் கேட்கும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தள்ளும் ஹை பிரஷர் பம்ப்பை ஓட்டுவதும் கேம்ஷாஃப்ட்தான், அதற்கு மூன்று மேடு உண்டு, ஆகவே நொடிக்கு 15. ஃபோனில் பதிவு செய்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள், இந்த மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். சீரான, வேகமான, மெல்லிய டிக் என்றால் பெரும்பாலும் எரிபொருள் பக்கம்தான், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிக்கலே லிஃப்டருக்கும் எக்ஸாஸ்ட் கசிவுக்கும் நடுவில்தான். ஒரு சிலிண்டரின் மேனிஃபோல்ட் கேஸ்கெட் (எக்ஸாஸ்ட் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தின் அடைப்பு) வழியாகப் புகைக்காற்று பிய்த்துக்கொண்டு வந்தாலும் அதே நொடிக்கு 5 தாளம்தான். அனுபவசாலி மெக்கானிக் கூட இங்கே ஏமாறுவார். எஞ்சினின் சூடும் லோடும்தான் இவற்றைப் பிரித்துக் காட்டும். கசிவு என்றால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பலமாக இருக்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்னும் கூடும், இரும்பு சூடாகி விரிந்ததும் அடங்கும். கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

லிஃப்டர் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், இதுபோலவே நடிக்கவும் செய்யும். வண்டி நிற்கும்போது ஏதோ ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றுவிடும், அதன் ஸ்பிரிங் லிஃப்டரில் இருக்கும் எண்ணெயை இரவெல்லாம் அழுத்தி வெளியேற்றிவிடும். அதனால் ஸ்டார்ட் ஆனதும் சில நொடி தட்டிவிட்டு நின்றுபோனால் அது நோய் இல்லை. எண்ணெய் நன்றாகச் சூடாகி இளகிய பிறகு தட்ட ஆரம்பித்தால்தான் கவலைப்பட வேண்டும். இந்த எஞ்சினில் லேசாக ஓட்டும்போது 1, 4, 6, 7 ஆகிய சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும். அதற்கென அந்த நான்கிலும் தனி லிஃப்டர்கள், உள்ளே பூட்டும் ஊசிகள், அவற்றைத் தள்ளுவது எண்ணெய் அழுத்தம். நான்கு சிலிண்டரில் ஓடிவிட்டு எட்டுக்குத் திரும்பும் அந்தக் கணத்தில் டிக் தொடங்கினாலோ, கூடவே ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சொல்லும் மிஸ்ஃபயர் கோடு விழுந்தாலோ, இந்த நான்கு சிலிண்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பலரும் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பார்கள், இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைப்பார்கள். இடம் குறிக்க அது உதவும், ஆனால் அலுமினிய எஞ்சினில் சத்தம் ஊர்ந்து போகும், பக்கத்து சிலிண்டர் மீது பழி விழும். எனக்கு நம்பிக்கை வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேன் டூல் மீதுதான். ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியும் டிக் அப்படியே நீடித்தால் வால்வு பக்கம், ஏனென்றால் அங்கே எரிந்தாலும் எரியாவிட்டாலும் லிஃப்டர் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். நின்றுவிட்டாலோ நன்றாகக் குறைந்தாலோ அந்த இன்ஜெக்டர், அல்லது எக்ஸாஸ்ட் கசிவு. கனமான டொக் டொக் குறைந்தால் கீழே பேரிங் வரை யோசிக்க வேண்டும். ஒன்று முக்கியம்: நிறுத்துவது இன்ஜெக்டரை, பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலை அல்ல. காயிலைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் நேராகப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைப் பொசுக்கிவிடும்.

எண்ணெய்ப் பரிசோதனை அறிக்கை வாங்கலாமா என்றால், புது எஞ்சினில் அதற்கு நான் மதிப்பெண் குறைவாகத்தான் கொடுப்பேன். முதல் எண்ணெயில் இரும்பு இருக்கத்தான் செய்யும், பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் காலம் அது. அதைவிட ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துக் காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது மேல். லிஃப்டர் ரோலரின் ஊசி பேரிங் உடைந்து கேமைத் தின்ன ஆரம்பித்திருந்தால், மினுக்கும் செதில்கள் கண்ணுக்கே தெரியும்.

கனமான எண்ணெய் ஊற்றுவது, லிஃப்டர் மருந்து கலப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம். சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது, வாரண்டியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதும் நீங்கள்தான். சிலிண்டரை ஓய்வெடுக்க வைக்கும் அந்த ஊசிகளே எண்ணெயை நம்பித்தான் இருக்கின்றன, அதற்கு கம்பெனி சொன்ன எண்ணெய் ரகம் 0டபிள்யூ-40, அதையே ஊற்றுங்கள்.

இதே அளவுகோலை எல்லா வண்டிக்கும் போடக்கூடாது. கார்வெட்டின் இன்னொரு மாடலான இசட்06-இன் 5.5 லிட்டர் எல்டி6 எஞ்சினில், எண்ணெயால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டரே கிடையாது, வால்வு இடைவெளி ஃபேக்டரியில் நிர்ணயித்தது, அதனால் வால்வு பக்கம் கொஞ்சம் உலோகச் சத்தம் அதன் இயல்பு. போர்ஷே 991 ஜிடி3-இன் முதல் தலைமுறை வேறு கதை. 9,000 ஆர்பிஎம் சுற்றிய அந்த 3.8 லிட்டர் எஞ்சினில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் ஃபிங்கர் ஃபாலோயர்கள் தேய்ந்தன, அமெரிக்காவில் எஞ்சின் வாரண்டி 10 வருடம், 1,20,000 மைல் வரை நீண்டது, அடுத்து வந்த 4 லிட்டரில் அந்த ஹைட்ராலிக் முறையையே எடுத்துவிட்டார்கள். அங்கே டிக் கேட்டவர்களை "இயல்புதான்" என்று அனுப்பியிருந்தால் அது அநியாயம்.

கார்வெட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் பவர்டிரெயின் வாரண்டி 5 வருடம் அல்லது 60,000 மைல், ஆகவே அவசரமாகப் பிரிக்கச் சொல்லவும் தேவையில்லை, வாய்மொழிப் பதிலோடு திரும்பி வரவும் தேவையில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு பதிவு, எண்ணெய் சூடானதும் ஒரு பதிவு எடுத்துக்கொண்டு போங்கள். ஷோரூமில் அதே மாடல் இன்னொன்று இருந்தால், இரண்டையும் ஒரே சூட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் சர்வீஸ் சீட்டில் புகார், ஓடோமீட்டர் அளவு, எண்ணெயின் சூடு, எந்த சிலிண்டரை நிறுத்தியபோது சத்தம் மாறியது, இந்த நான்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு நகல் வாங்காமல் சாவியைக் கையில் வாங்காதீர்கள்.