கொறடா உத்தரவா, அவங்கவங்க இஷ்டமா?

வளைகுடால புள்ளைங்க வேல பாக்கறதால கும்மோணம் டீக்கடைல போர் பேச்சு வந்தா எல்லாரும் காத கொடுப்போம். போருக்குப் போலாமான்னு பார்லிமென்ட்ல ஓட்டு வந்தா, இப்படித்தான் போடணும்னு கட்சி கொறடா உத்தரவு போடணுமா, இல்ல எம்பிங்க இஷ்டத்துக்கு விடணுமா? பிரிட்டன்ல ரெண்டு வழியும் பாத்தாச்சு. 2003 ஈராக் போர் ஓட்டுக்கு லேபர் கட்சி பிரதமர் பிளேர் கொறடா போட்டும் அவர் கட்சி எம்பிங்க 139 பேர் மீறினாங்க, ராபின் குக் முந்தின நாளே அமைச்சர் பதவிய விட்டாரு. 2015ல சிரியாவுல குண்டு போடலாமாங்கற ஓட்டுக்கு, அப்ப எதிர்க்கட்சியா இருந்த லேபரோட தலைவர் கார்பின் அவங்கவங்க இஷ்டம்னு விட்டாரு, லேபர் எம்பிங்க 66 பேர் குண்டுவீச்சுக்கு ஆதரவு, அதுலயும் அதே கட்சி எம்பி ஹிலரி பென் கட்சித் தலைவர் பக்கத்துலயே நின்னு அவருக்கு எதிரா பேசினாரு, தீர்மானம் 397-223ன்னு ஜெயிச்சுது. கட்சி ரெண்டாத் தெரிஞ்சுது, தெரியட்டுமே, யாரு என்ன நெனைக்கிறாங்கன்னு ஜனங்களுக்கு தெரியும்ல, எனக்கு ரெண்டாவதுதான் சரி. இங்கயோ 1985 கட்சித்தாவல் சட்டப்படி கொறடாவ மீறினா எம்பி பதவியே போயிரலாம், 15 நாளைக்குள்ள கட்சியே மன்னிச்சாதான் தப்பிக்க முடியும். போர் மாதிரி விஷயத்துக்காவது நம்ம தஞ்சாவூர், நாகப்பட்டினம் எம்பிங்க கைய அவுத்து விடுங்கப்பா.