போசிலாக் ஊசி: மருந்தோடு வரும் தாளைப் படித்த பின் ஒரு மதிப்பீடு

கறவை மாடுகளுக்கான வளர்ச்சி ஹார்மோன் ஊசியான போசிலாக், அமெரிக்காவில் 1993 நவம்பரில் அனுமதி பெற்று, 1994 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. மாட்டின் பிட்யூட்டரி சுரப்பி இயல்பாகவே சுரக்கும் சொமட்டோட்ரோபின் என்ற புரதத்தை, மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொண்டு உற்பத்தி செய்து, நல்லெண்ணெயில் கலந்து, ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் வீதம் சிரிஞ்சிலேயே அடைத்துத் தருகிறார்கள். எண்ணெயில் இருப்பதால் மருந்து தோலடியில் தங்கி மெல்ல மெல்ல இரத்தத்தில் சேர்கிறது; அதனால் 14 நாட்களுக்கு ஒரு முறை போட்டால் போதும். கன்று ஈன்று ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துத் தொடங்கி, பால் வற்றும் வரை தொடர வேண்டும்.

பால் கூடுகிறதா என்றால், கூடுகிறது. நல்ல தீவனமும் பராமரிப்பும் உள்ள பண்ணையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை கூடும் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. உச்சத்தைத் தொட்ட பின் கறவை படிப்படியாகக் குறைவதுதான் மாட்டின் இயல்பு. அந்தச் சரிவை இந்த ஊசி தள்ளிப்போடுகிறது. ஆனால் ஊசி போட்டவுடன் பால் ஏறிவிடுகிறது, மாடு தின்னும் அளவு கூடுவதற்கோ சில வாரங்கள் பிடிக்கின்றன. இடைப்பட்ட நாட்களில் அந்தக் கூடுதல் பால் மாட்டின் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்துதான் வருகிறது.

என்னை மிகவும் வருத்தியது மருந்தோடு வரும் குறிப்புத் தாள். மடிநோய் கூடலாம், சினை பிடிப்பது குறையலாம், சினைப்பையில் நீர்க்கட்டிகள் வரலாம், செரிமானக் கோளாறு ஏற்படலாம், முழங்கால் வீங்கலாம், ஊசி போட்ட இடம் தடிக்கலாம் என்று தயாரித்தவர்களே அதில் வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள். மடிநோய் கண்ட மாட்டைக் கறந்தவர்களுக்கு அதன் வேதனை தெரியும்: மடி கல்லாக இறுகிச் சூடேறியிருக்கும், காம்பைத் தொட்டாலே மாடு உதைக்கும், பீச்சினால் பாலோடு திரிதிரியாக வரும்.

கனடா அரசு இந்த மருந்தை ஆராய இரண்டு வல்லுநர் குழுக்களை அமைத்தது. மனிதருக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லை என்றது ஒரு குழு. மடிநோய் வரும் வாய்ப்பு சுமார் 25 சதவீதமும், நொண்டும் வாய்ப்பு சுமார் 50 சதவீதமும் கூடுகின்றன என்றது கால்நடை மருத்துவர்களின் குழு. 1999 ஜனவரியில் கனடா அனுமதி மறுத்தது, மாட்டின் நலனை முன்னிட்டே. ஐரோப்பிய ஒன்றியமும் 2000 ஜனவரி முதல் தடை விதித்தது.

பாலைப் பொறுத்தவரை நான் பயமுறுத்த விரும்பவில்லை. கொழுப்பும் புரதமும் ஏறக்குறைய மாறுவதில்லை. மாட்டின் சொமட்டோட்ரோபின் மனித உடலில் வேலை செய்யாது. 1950களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அதை ஊசியாகவே போட்டுப் பார்த்தும் பலன் கிட்டவில்லை. வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற புரதம் மட்டும் பாலில் சற்றே கூடுகிறது; அதுவும் பெரும்பாலும் குடலில் செரித்துவிடும். (நம் ஊரில் பால் சுரக்க வைக்கப் போடும் ஆக்சிடோசின் ஊசி முற்றிலும் வேறு, அது மடியில் உள்ள பாலை இறக்கும், உற்பத்தியைப் பெருக்காது.)

சொன்ன வேலையைச் செய்கிற மருந்தாக இருந்தும் இதை நான் எந்தப் பண்ணைக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கூடுதலாகக் கிடைக்கும் பாலின் விலையை மாடு தன் மடியாலும் காலாலும் கட்டுகிறது. மருத்துவச் செலவும், சிகிச்சைக் காலத்தில் கீழே கொட்டும் பாலும் பண்ணைக்காரரின் கணக்கில் ஏறுகின்றன. அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் இந்த ஹார்மோன் இல்லாத பாலைக் கேட்கத் தொடங்கியதால், 2008இல் வால்மார்ட் தன் சொந்தப் பெயரில் விற்கும் பாலை ஊசி போடாத மாடுகளிடமிருந்து மட்டுமே வாங்க முடிவு செய்தது. அதே ஆண்டில், போசிலாக்கைத் தயாரித்து வந்த மான்சான்டோ நிறுவனம், அதை அப்போது எலி லில்லி மருந்து நிறுவனத்தின் கால்நடை மருந்துப் பிரிவாக இருந்த எலாங்கோவுக்கு விற்றுவிட்டது.