பெரிய லூர் வீச ரீல் வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் இருக்கும் எண்களை நம்பிவிடாதீர்கள்

மீன் பிடிக்க 100 கிராமுக்கு மேல் எடையுள்ள லூர் (செயற்கை இரை) வீசுவதற்காக பெய்ட்காஸ்டிங் ரீல் (லைன் சுற்றியிருக்கும் ஸ்பூல் என்ற உருளையே வீசும்போதும் சுழலும் வகை) தேடுபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ‘பெரிய லூருக்கென்றே செய்தது’ என்று சொல்லி எனக்கு ஒரு ரீலை விற்றார்கள். அது பழுதானதும், ‘பெரிய லூர் போட்டதால்தான் போச்சு, வாரன்டி கிடையாது’ என்று அதே ஆட்கள் கையை விரித்துவிட்டார்கள்.

நான் கேட்ட கேள்வியில் எந்தக் குழப்பமும் இல்லை. 120 முதல் 180 கிராம் வரையுள்ள கிளைடு பெய்ட், ஸ்விம்பெய்ட் என்ற மீன் வடிவ லூர்களை வீசுவேன், ராட் (தூண்டில் கம்பு) எக்ஸ்ட்ரா ஹெவி, லைன் 65 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நூல்), இதற்கு இந்த ரீல் தாங்குமா என்று எழுதியே கேட்டேன். ‘200 கிராம் வரைக்கும் தாராளமா வீசலாம் சார், பயப்படாம வாங்குங்க’ என்று பதில் வந்தது. விளம்பரப் படத்திலும் உள்ளங்கையை விட நீளமான ஒரு லூரை அந்த ரீல் பக்கத்தில் வைத்துத்தான் காட்டியிருந்தார்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 12 கிலோ டிராக் (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிரேக்கின் பலம்), 13+1 பெயரிங், 8.1:1 கியர் (ஹேண்டிலின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 8.1 சுற்று), முழு உலோக உடல்.

இதில் முதல் இரண்டும் பெரிய லூர் வீசுபவருக்கு உருப்படியாக எதையும் சொல்லாத எண்கள். மூன்றாவது அந்த வேலைக்கே எதிரானது. நான்காவது சுத்தப் பொய்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் லூரை இழுக்கும்போது ஹேண்டிலில் ஒரு நறநறப்பு. தண்ணீரைப் பெரிதாகத் தள்ளிக்கொண்டு வரும் லூரைப் போட்டால் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எண்ணெய் விட்டும் போகவில்லை. பிறகு ஒருநாள் நல்ல மீன் ஒன்று அடித்தது. ராடைத் தூக்கி ஹூக்கைப் பதிக்க இழுத்தேன், ஹேண்டில் கையை விட்டுப் பின்னால் சுழன்று விரல் முட்டியில் வந்து மோதியது. ஹேண்டில் பின்னோக்கிச் சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய கிளட்ச் பெயரிங் வழுக்கிவிட்டது. ஹூக் பதியவில்லை, மீன் போனது.

இதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவை இவ்வளவு காட்டமாக எழுதியிருக்க மாட்டேன். அடுத்து நடந்ததுதான் பயங்கரம். முழு வேகத்தில் வீசும்போது லைனை இடவலமாகப் பரப்பும் அந்தச் சின்ன வழிகாட்டி, அதாவது லெவல் வைண்ட், நடுவில் சிக்கி நின்றுவிட்டது. ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, லைன் அதன் மேலேயே சிக்கிக்கொண்டது. பட்டென்று அறுந்தது. மூன்று முள் கொண்ட ஹூக் இரண்டோடு 150 கிராம் லூர் தன்போக்கில் பறந்தது. அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. தவறான ரீலை விற்பதைச் சின்ன வியாபாரத் தந்திரம் என்று என்னால் விட்டுவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

வீட்டுக்கு வந்து ரீலைப் பிரித்தேன். வெளியே தெரியும் பக்கத் தகடு மட்டும்தான் அலுமினியம். ஸ்பூலையும் கியரையும் தாங்கும் சட்டம் பிளாஸ்டிக், மேலே வெள்ளி நிறப் பூச்சு. இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினால் அது வளைவது கண்ணுக்கே தெரிகிறது. சட்டம் வளைந்தால் பெரிய கியரும் அது சுழற்றும் சின்னப் பினியன் கியரும் நேராகப் பொருந்தி ஓடாது, பல்லின் ஓரத்தில் மட்டும் சுமை விழும். அதுதான் அந்த நறநறப்பு. கிரீஸை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தபோது மினுமினுவென்று உலோகத் துகள். பல்லின் ஓரங்கள் மழுங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தன. கிளட்ச் உருளைகளைச் சுற்றி கெட்டியான கிரீஸை அப்பியிருந்தார்கள். அங்கே கெட்டி கிரீஸ் இருந்தால் உருளைகள் சட்டென்று நகர்ந்து பிடிக்காது, வழுக்கத்தான் செய்யும். லெவல் வைண்டில் திருகுத்தண்டின் பள்ளத்தில் ஓடும் குட்டிக் கொக்கியின் முனை உடைந்து கிடந்தது.

ரீலின் பெயரில் 300 என்று போட்டிருந்தாலும் ஸ்பூலை அளந்தால் விட்டம் 34 மி.மீ. தான். அளவு எண்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது, ஆகையால் யாரும் எதையும் அச்சடிக்கலாம். உண்மையில் 300, 400 வகுப்பு என்றால் எப்படி இருக்கும் என்று தெரிய ஷிமானோ டிராங்ஸ், டைவா டட்டுலா 300 போன்றவற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அகலமான ஸ்பூல், நீண்ட ஹேண்டில், சுமார் 300 கிராமோ அதற்கு மேலோ எடை. என்னுடையது 200 கிராமைத் தொடவில்லை. ‘எடை குறைவு’ என்று அதையும் ஒரு சிறப்பாகச் சொல்லித்தான் விற்றார்கள்.

கியர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதைத்தான் விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. பெரிய லூர் தண்ணீரில் வரும்போது ஒரு கிலோ அளவுக்கு எதிர்த்து இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 34 மி.மீ. ஸ்பூல், 8.1:1 கியர், முனைக்கு முனை 90 மி.மீ. ஹேண்டில் என்றால், உராய்வை விட்டுவிட்டாலும் கை கொடுக்க வேண்டிய விசை சுமார் 3 கிலோ. 43 மி.மீ. ஸ்பூல், 5.3:1 கியர், 120 மி.மீ. ஹேண்டில் என்றால் அதே லூருக்கு 2 கிலோவுக்கும் குறைவு. ஒரு சுற்றுக்கு முன்னது சுமார் 86 செ.மீ. லைனை உள்ளே இழுக்கும், பின்னது 72 செ.மீ. வேகத்தில் இழப்பது கொஞ்சம், கைக்கும் கியருக்கும் கிடைக்கும் நிம்மதி மிக அதிகம். மெதுவாக இழுக்க வேண்டிய லூருக்கு அந்த இழப்பும் இழப்பே இல்லை. 7:1, 8:1 வேண்டாம் என்று சொல்லவில்லை. லைன் தொய்வை வேகமாகச் சுற்றி எடுக்க வேண்டிய லூர்களுக்கு அது தேவைப்படும். ஆனால் அதற்குத் தடிமனான கியரும் நீண்ட ஹேண்டிலும் இருக்க வேண்டும்.

டிராக் எண் ஏன் பயனில்லை? லைனின் பலத்தில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் பொதுவாக டிராக்கில் வைப்போம். 12 கிலோ என்று போட்டுவிட்டு அந்தச் சுமையில் வளைகிற சட்டத்தைக் கொடுத்தால் என்ன பயன்? பெயரிங் எண்ணிக்கையும் அப்படித்தான். ஸ்பூலையும் பினியனையும் தாங்கும் பெயரிங் நல்லதாக இருந்தால் போதும். ஹேண்டில் குமிழுக்குள் நான்கைத் திணித்து எண்ணிக்கையை ஏற்றுவது மிகச் சுலபம்.

இனி விற்றவர்கள் சொன்ன பதில். உடைந்த கொக்கி, தேய்ந்த கியர் படங்களோடு புகார் அனுப்பினேன். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். அங்கே பொடி எழுத்தில், லூர் எடை 10 முதல் 40 கிராம் வரை! சீல் உடைத்த பிறகுதான் கண்ணில் படும் இடத்தில் உண்மை, விளம்பரத்தில் 200 கிராம். அவர்கள் எழுதிக் கொடுத்த பதிலையே திருப்பி அனுப்பினேன். ‘அது எங்கள் ஊழியரின் தனிப்பட்ட கருத்து’ என்றார்கள். அதன் பிறகு பதிலே இல்லை. விளம்பரத்தில் அந்தப் பெரிய லூர் படம் இன்னும் அப்படியே இருக்கிறது.

நேரில் வாங்குபவர்கள் பக்கத் தகட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல ரீல்களில் கருவி இல்லாமலே திறக்கலாம். சட்டம் எந்தப் பொருள் என்று பாருங்கள். பெரிய கியர் பித்தளையா, அது எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். டிராக்கை இறுக்கிவிட்டு ஹேண்டிலைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு ஸ்பூலை விடுவித்து லைனை இழுத்து, லெவல் வைண்ட் கூடவே நகர்கிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். நிற்கும் வகை என்றால், அது ஓர் ஓரத்தில் இருக்கும்போது லைன் சாய்வாக உரசிக்கொண்டுதான் வெளியே வரும். லீடரை (லைன் நுனியில் கட்டும் தனித் துண்டு) இணைக்கும் முடிச்சு பெரிதாக இருந்தால் அந்தத் துளையில் முட்டும். துளை அகலமானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 65, 80 பவுண்டு பிரெய்டில் எத்தனை மீட்டர் கொள்ளும் என்பதையும் கேளுங்கள். பதில் தெரியாமல் விழிப்பவரிடம் பெரிய லூர் ரீல் வாங்க வேண்டாம்.

தூரத்திலிருந்து வரவழைப்பவர்கள், ‘அதிகபட்ச லூர் எடை கையேட்டில் எத்தனை கிராம் என்று இருக்கிறது, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். ‘தாங்கும்’, ‘தாராளம்’ எல்லாம் பதிலே இல்லை, எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். விளம்பரப் பக்கத்தை அன்றைக்கே படமெடுத்து வைத்துவிடுங்கள்.

ஸ்பின்னிங் ரீலில் (ஸ்பூல் சுழலாமல் நிற்க, ரோட்டார் என்ற பகுதி சுற்றி வந்து லைனைச் சுற்றும் வகை) கனமான லூர் வீசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீசும் வேகத்தில் ரோட்டார் சுற்றி, லைனைப் பிடிக்கும் பெயில் கம்பி தானாக மூடிக்கொண்டால் இதே கதைதான், லூர் அறுந்து பறக்கும். கம்பியைத் திறந்துவைத்துவிட்டு ராடை வெறுமனே பலமாக வீசிப் பாருங்கள். மூடிக்கொண்டால் அந்த ரீல் வேண்டாம்.

ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கிவிட்டவர்கள் அதில் 40 கிராமுக்கு மேல் போடாதீர்கள், சின்ன லூருக்கு அது ஓடும். கிளட்ச் வழுக்கத் தொடங்கியிருந்தால் அதுவும் வேண்டாம். முதலில் கிளட்சைக் கழற்றி, பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும் விட்டு மாட்டிப் பாருங்கள். அப்படியும் வழுக்கினால் கிளட்சே பழுதாகிவிட்டது என்று அர்த்தம், அதை மாற்றாமல் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.