யூனிகோடு என்று சொல்லிப் பாமினியைத் தலையில் கட்டினார்கள்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழ்த் தட்டச்சுக்குக் கொடுக்கவிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கு மலருக்கான 112 பக்கங்களைப் பாலக்காட்டில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்தேன். பக்கத்துக்கு 30 ரூபாய், யூனிகோடில் (எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான பொதுக் குறியீட்டு முறை) வேண்டும் என்றதால் மேலும் 10 ரூபாய் என்று கணக்கிட்டு, 4,480 ரூபாயை முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் காட்டிய பி.டி.எஃப். கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது.

வேர்டு கோப்பை வீட்டில் திறந்தால், 'தமிழ்' என்றிருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. "உங்க சிஸ்டத்துல ஃபாண்ட் செட்டிங் சரியில்ல சார்" என்றார் கடைக்காரர். அதை நம்பி, வேர்டில் தமிழைக் காட்டும் எழுத்துருக்களான நிர்மலா யூ.ஐ.யையும் லதாவையும், லிப்ரே ஆபீஸில் இந்திய மொழிகளுக்கெனத் தனியாக உள்ள சி.டி.எல். எழுத்துருவையும் இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவர்கள் அடித்துக் கொடுத்தது பாமினி என்ற எழுத்துருவில் என்பது பிறகுதான் புரிந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. கோப்புக்குள் கிடப்பது ஆங்கிலமே என்பதால், தமிழுக்கான அமைப்பு எதுவும் அதைத் தொடுவதே இல்லை. பி.டி.எஃப். அழகாகத் தெரிந்ததற்குக் காரணம், அந்த எழுத்துரு அதற்குள் பதிக்கப்பட்டிருந்ததுதான்.

மலையாள அச்சு வேலை செய்யும் நண்பர் ஒருவர், கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து எம்.எல். டி.டி. கார்த்திகா என்ற பழைய மலையாள எழுத்துருவுக்கு மாற்றிக் காட்டினார். எங்கள் தலபுராணம் நொடியில் பொருளற்ற மலையாளமாகிவிட்டது. (சிரிப்பும் வந்தது என்பதை மறைக்கவில்லை.) உண்மையான யூனிகோடாக இருந்திருந்தால் தமிழ் தமிழாகவே நின்றிருக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்ட பிறகும், எல்லைக்கு இப்பால் எங்களிடம் அதன் பெயரைச் சொல்லியே பணம் பிடுங்குகிறார்கள்.

திரும்பப் போய்க் கேட்டபோது, மாற்றித்தர இன்னும் 1,500 ரூபாய் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். பாமினியை யூனிகோடாக்கும் இலவச மாற்றி ஒன்றில் நானே மாற்றினேன். ஆனால் நன்கொடையாளர் பட்டியலில் ஆங்கிலத்தில் இருந்த பெயர்களையும் அது பாமினியாகக் கருதித் தமிழாக்கிவிட்டதால், அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கடையிலிருந்து கிளம்புமுன், வேர்டு கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே அனுப்பச் சொல்லுங்கள். கைப்பேசியில் அது தமிழாக வந்து சேர்ந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.