மடக்கு விசைப்பலகை வாங்குவோர் கவனத்திற்கு: மூன்று மாதச் சேமிப்பைப் பறிகொடுத்தேன்

விற்பனையாளரின் கடைசி மறுப்பு நேற்றிரவு வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் வேறு யாரும் ஏமாறுவதற்குள் எழுதிவிட வேண்டும். பயணத்தில் கைப்பேசியோடு இணைத்து எழுதுவதற்காக, மூன்று மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஒரு மடக்கு விசைப்பலகை வாங்கினேன்.

நான், ஒவ்வொரு விசைக்கும் ஒரு தமிழெழுத்தை வைத்திருக்கும் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவன். அம்முறையில் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறி விசைகளிலும், ய மேற்கோள்குறி விசையிலும், ழ சாய்கோட்டு விசையிலும் இருக்கின்றன. எல்லாமே பலகையின் வலது ஓரம். பலகையைச் சிறிதாக்க நினைக்கும் தயாரிப்பாளர்கள் முதலில் கைவைப்பதும் அந்த ஓரத்தில்தான். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு அடைப்புக்குறி எப்போதோ ஒருமுறைதான் தேவைப்படும். ச இல்லாமல் நாம் ஒரு பத்தியாவது எழுத முடியுமா?

இது தெரிந்திருந்ததால்தான், பெரிய இணைய விற்பனைத் தளம் ஒன்றில் கடை விரித்திருந்த அந்த விற்பனையாளரிடம், பணம் கட்டுவதற்கு முன்பே இந்த நான்கு விசைகளையும் குறிப்பிட்டு, அவை தனித்தனியாக, முழு அளவில் இருக்கின்றனவா என்று கேட்டேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: "அனைத்து விசைகளும் முழு அளவில் உள்ளன, நம்பி வாங்கலாம்." கேட்ட கேள்விக்கு நேராக வந்த அந்தப் பதிலை நம்பித்தான் மூன்று மாதச் சேமிப்பையும் கட்டினேன்.

வந்த பலகையில் அடைப்புக்குறி விசைகளே இல்லை. ட, ண விசைகளின் மூலையில் அவற்றைப் பொடியாக அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வொரு ச-வுக்கும் எஃப்என் (Fn) என்ற துணை விசையை இன்னொரு விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அன்றே புகார் அனுப்பினேன். மின்னேற்றிப் பாருங்கள் என்றார்கள், புளூடூத் இணைப்பை நீக்கி மீண்டும் இணையுங்கள் என்றார்கள். இல்லாத விசை மின்னேற்றினால் முளைக்குமா? ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு நாள். இப்படியே திருப்பியனுப்பும் கெடுவான 7 நாளும் கழிந்தன.

12ஆம் நாள், ரயிலில் எழுதிக்கொண்டிருந்தபோது பலகையின் வலது பாதி செயலிழந்தது. தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கையிலும், வ, ங தவிர மற்ற மெய்கள் வலக்கையிலும் வருபவை. ஆகவே எதைத் தட்டினாலும் திரையில் பெரும்பாலும் அ, இ, உ என்று உயிர்களே வரிசையாக விழுந்தன. பழுதுபார்ப்பவர் பிரித்துக் காட்டியபோது, இரு பாதிகளையும் இணைக்கும் நாடா போன்ற மெல்லிய வடம் கீலின் மடிப்பில் விண்டிருந்தது.

தளத்தைக் கேட்டால் விற்பனையாளரிடம் பேசச் சொல்கிறார்கள். விற்பனையாளரோ கெடு முடிந்துவிட்டது என்கிறார். உரையாடலைப் படமெடுத்து அனுப்பியதற்கு நேற்று வந்த பதில், "படங்கள் விளக்கத்திற்கு மட்டுமே" என்பது. நான் காட்டியது பொருளின் படத்தையல்ல, அவர்கள் எழுத்தில் தந்த உறுதியை! மூன்று மாதச் சேமிப்புக்கு இதுதான் மரியாதை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதும் மனநிலையில் இப்போது நான் இல்லை. வலது ஓர விசைகள் தெளிவாகத் தெரியும் படத்தை, வாங்கியவர்கள் எடுத்ததாகத் தேடிப் பாருங்கள். முடிந்தால் நேரில் விரித்து, இரு பாதிகளிலும் தட்டிப் பார்த்து வாங்குங்கள். குறை தெரிந்தால் விற்பனையாளரோடு பேசிக்கொண்டிராமல், முதல் நாளே தளத்தில் திருப்பியனுப்பும் கோரிக்கையைப் பதிந்துவிடுங்கள்; நான் பதிலுக்காகக் காத்திருந்ததில்தான் அந்த 7 நாளும் போயின.