துண்டுச் சீட்டு இல்லாத ஐந்து ஆண்டுகள்: எழுத்து குழம்பும் ஒரு போர்டு ஆர்டிஸ்ட்டின் கருவிகள்

மதுரையில் போர்டு எழுதுவது என் தொழில். கடைப் பலகை, பள்ளிச் சுவர், மண்டப வாசல், இப்போது காபிக் கடைச் சுவர்களும். எனக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது. எழுத்தை வரைவதில் சிரமமே இல்லை. எந்த எழுத்து வர வேண்டும் என்பதில்தான் மொத்தச் சிரமமும். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சில கருவிகளை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்கிறேன். எது நின்றது, எது நிற்கவில்லை என்று சொல்கிறேன். இதையும் அவற்றின் துணையோடுதான் எழுதினேன். நான்கு நாள் ஆனது.

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2000இல் பத்தாம் வகுப்பில் தமிழில் தோற்றுவிட்டு, மாசி வீதிப் பக்கம் இருந்த அவர் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். எழுத வேண்டிய வாசகத்தை ஒரு துண்டுச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுப்பார். நூல் அடித்துக் கோடு போட்டு, சீட்டைப் பார்த்து அப்படியே பலகையில் இறக்குவேன். ஒரு சுழி பிசகாது. எனக்கு அது எழுத்தே இல்லை, படம். படத்தைப் பார்த்துப் படம் வரைந்தேன்.

2004இல் மாமாவுக்குக் காய்ச்சல். புதுவீடு ஒன்றுக்குத் தனியாகப் போனேன். வீட்டுக்காரர் பெயரை வாயால் சொன்னார்: அன்பு இல்லம். நான் எழுதியது ‘அண்பு இள்ளம்’. கிரகப்பிரவேசத்தன்று காலையில் உறவுக்காரர்கள் முன்னால்தான் அது தெரிந்தது. அன்று இரவே காய்ச்சலோடு மாமா வந்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வெள்ளையடித்துத் திருப்பி எழுதினார். என்னைத் திட்டவில்லை. மறுநாள் ஒரு சின்ன நோட்டை என் சட்டைப் பையில் வைத்து, “மாப்ள, இனிமே சீட்டு இல்லாம பிரஷை நனைக்காத” என்றார். அதற்கப்புறம் பதினைந்து வருடம் சீட்டு இல்லாமல் நான் பிரஷை நனைத்ததே இல்லை.

2019இல் மாமா போய்விட்டார். சீட்டு எழுதித் தர ஆள் இல்லை.

2020 பிப்ரவரியில் என் மகனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதித்தார்கள். சோதித்த டீச்சர் பேசிக்கொண்டே வந்தவர், “சார், நீங்க சின்ன வயசுல எப்படிப் படிச்சீங்க?” என்று கேட்டார். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்றார். கண்ணிலோ புத்தியிலோ கோளாறு இல்லை, ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் இடத்தில்தான் தடங்கல் என்றார். வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் போய் அழுதேன். துக்கமா நிம்மதியா என்று இன்றும் தெரியவில்லை. நான் படித்த காலத்தில் இருந்த 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள்தான். இது அதில் கிடையாது. 2016இல் வந்த சட்டம்தான் 21 வகைகளைச் சொல்லி, இதையும் சேர்த்தது. என் மகனுக்கு அது கிடைத்திருக்கிறது.

அடுத்த மாதம் ஊரடங்கு. வேலை இல்லை, நேரம் இருந்தது. அப்போது கற்றுக்கொண்டதில் என்னை மாற்றியது ஒரு விசைப்பலகை. தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு. இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் மெய்.

இது ஏன் எனக்குப் பெரிய விஷயம்? ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் முதலில் வருவது க், அப்புறம் ஒ. கையால் எழுதும்போது முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். காதில் பின்னால் வருவது தாளில் முன்னால் வருகிறது. மற்றவர்களுக்கு இது பழகிப்போகும். எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கே கால் இடறும். பழைய தட்டச்சு இயந்திரத்திலும் கொம்பைத்தான் முதலில் அடிக்க வேண்டும். தமிழ்99இல் க அடித்து ஒ அடித்தால் கொ. சொல்கிற வரிசையே அடிக்கிற வரிசை. கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இருபது வருடமாக என்னை அடித்த ஒரு கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்ததுபோல இருந்தது.

இன்னொன்று, தானாக விழும் புள்ளி. ண அடித்து ட அடித்தால் ‘ண்ட’ ஆகிவிடும். ந அடித்து த அடித்தால் ‘ந்த’. ன, ற என்றால் ‘ன்ற’. ‘வண்டி’ என்பதற்கு நான் தவறி ன அடித்தால் புள்ளி விழாது, ‘வனடி’ என்று நிற்கும். பார்த்ததும் தெரிந்துவிடும். இதைக் கண்டுகொண்ட பிறகுதான் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பழைய பெயர்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்றே புரிந்தது. எந்த எழுத்தோடு சேரும் என்பதைப் பெயரே சொல்கிறது! பள்ளியில் எனக்கு ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ என்றுதான் சொன்னார்கள். சுழியை எண்ண எனக்குத் தெரியும், எப்போது எத்தனை என்பதுதான் தெரியாது.

பழக இரண்டு மாதம் பிடித்தது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை எனக்குச் சரிவரவில்லை. ஒரு குழப்பத்துக்கு இரண்டு குழப்பம். போனில் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தட்டச்சுச் செயலியை வைத்திருக்கிறேன்.

அடுத்தது வாசித்துக் காட்டும் வசதி. என் ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளிலேயே அணுகல்தன்மை (Accessibility) என்ற பகுதியில் இருக்கிறது. விலைப்பட்டியல், ஒப்பந்தம், மகனின் பள்ளிச் சுற்றறிக்கை எல்லாவற்றையும் கேட்டுத்தான் படிக்கிறேன். வேகத்தைக் குறைத்து வைத்தால் வரிகளைக் கண்ணால் தொடர முடிகிறது. முன்பெல்லாம் இதற்குக் கடைப் பையன் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்வேன். ‘கண்ணாடி கொண்டுவரல’ என்று பொய் சொல்லுவேன். இப்போது அந்தப் பொய் தேவையில்லை. இந்த ஒன்றுக்காகவே என்னைப் போன்ற யாருக்கும் இதைச் சொல்வேன்.

ஆனால் எழுதியதைச் சரிபார்க்க இதை நம்பாதீர்கள். ‘அரம்’ என்று எழுதினாலும் ‘அறம்’ என்று எழுதினாலும் என் காதுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ன, ந இரண்டும் அப்படியே. காது விட்டதைப் பிடிக்க, நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப் பிழை திருத்தியில் ஒருமுறை போட்டு எடுப்பேன். ஒற்று மிகுமா மிகாதா என்பதற்கு அவருடைய நாவி. இரண்டும் இல்லாமல் இன்று ஒரு வாசகம்கூட வெளியே போகாது. அப்படியும் அரமும் அறமும் இரண்டுமே சொல்தானே, கொல்லனுக்கு அரம் தேவை. அந்த இடத்தில் மனுசக் கண்தான் வேண்டும். கடைசியாக அக்காவுக்கு அனுப்புவேன்.

குரல் தட்டச்சு எனக்குப் பாதிதான். பட்டறையில் கம்ப்ரசர் ஓடும்போது எதையோ எழுதும். நான் பேசுகிற மதுரைப் பேச்சை ஒரு மாதிரியாக மாற்றிவிடும், அதைத் திருத்துவது புதிதாக அடிப்பதைவிடக் கஷ்டம். வாடிக்கையாளர்களிடம் குரல் பதிவாகவே அனுப்பச் சொல்லிவிட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இனி ஓவியப் பக்கம். 5,000 ரூபாய்க்குள் ஒரு பேனா டேப்லெட் வாங்கினேன், கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளைப் போட்டேன். கை மேஜையில், கண் திரையில். எனாமல் பெயிண்டும் அணில்முடி பிரஷும் பழகிய கைக்கு மூன்று மாதம் அந்நியமாகவே இருந்தது. விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். பிடித்துப்போனது அடுக்குகளால்தான். சரிபார்த்த வாசகத்தைப் படமாக்கி அடியில் ஓர் அடுக்கில் மங்கலாக வைத்துவிடுகிறேன். அதன்மேல் வேறொரு அடுக்கில் என் விருப்பப்படி எழுத்தை வளைக்கிறேன், நெளிக்கிறேன். அடியில் இருப்பது மாமாவின் சீட்டு. எவ்வளவு ஆடினாலும் அது அங்கேயே நிற்கிறது. சீட்டைப் பார்த்து அப்படியே இறக்கிக்கொண்டிருந்தவன் புதிதாக எழுத்துருவம் யோசிக்க ஆரம்பித்தது இதில்தான். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் இருக்கும்போது கை விளையாடாது.

கிரிட்டாவில் M விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பும். ஓவியர்கள் முகம் கோணலா என்று பார்க்க வைத்துக்கொள்வது. எனக்கு அதில் ஒரு தனிச் சுகம். திருப்பியதும் எழுத்து வெறும் வடிவமாகிவிடும், படிக்க வேண்டிய பாரம் போய்விடும். ழவின் வால் எங்கே கனக்கிறது, இரண்டு எழுத்துக்கு நடுவே எங்கே ஓட்டை என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும்.

சுவருக்கு மாற்ற இன்னும் கட்டம்தான் போடுகிறேன். அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் (1940–2021) டிஸ்லெக்சியா உள்ளவர். போட்டோவின்மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஆளுயரத்தைத் தாண்டிய முகங்களை வரைந்தவர். அதைப் படித்தபோது எனக்கு மாமாதான் ஞாபகம் வந்தார். சினிமா பேனர் காலத்தில் அவரும் நாற்பதடி முகத்தைக் கட்டம் கட்டமாகத்தான் ஏற்றினார். முழுவதையும் பார்த்து மிரளாமல் ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்பது என் தலைக்கு மிகவும் ஒத்துவருகிற வழி.

பென்சில் முனைபோல டேப்லெட் பேனாவின் முனையும் தேயும், ஆண்டுக்கு இரண்டு மாற்றுகிறேன். வேறு செலவு இல்லை.

இப்போது ஓர் ஆரம்பப் பள்ளிச் சுவரில் உயிர்மெய் வரிசை எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா பார்த்துவிட்டாள், வரைபடம் போனில் இருக்கிறது. ஒகர வரிசைக்கு வந்ததும் முதலில் க போட்டேன், இடதுபக்கம் அளந்து இடம் விட்டேன். அப்புறம் கால். கடைசியாகக் கொம்பு. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொடியன், “அண்ணே, கொம்புதானே முதல்ல?” என்று கேட்டான். “எனக்கு இப்படித்தாண்டா வரும்” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மண்ணில் குச்சியால் அவனும் அப்படியே போட்டுப் பார்த்தான்.