100 கெஜமா, 200 கெஜமா? மான் வேட்டை ரைஃபிளை எதற்கு ஜீரோ செய்வது

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கான ரைஃபிள் சீசன் தேங்க்ஸ்கிவிங் (நவம்பரின் நாலாவது வியாழன்) முடிந்த சனிக்கிழமை தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் சுடும் பயிற்சி ரேஞ்சில் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சுதான்: ஸ்கோப்பை 100 கெஜத்துக்கு ஜீரோ செய்வதா, 200-க்கா? ஜீரோ செய்வதென்றால், அந்தத் தூரத்தில் ஸ்கோப் காட்டும் புள்ளியிலேயே குண்டு படும்படி அதைச் சரிசெய்வது.

எதுவானாலும் தொடக்கம் 25 கெஜத்தில். குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றி, ரைஃபிளை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, குழல் வழியே பார்த்து, தாளின் கரும்புள்ளியை அந்த வட்டத்தின் நடுவில் கொண்டு வாருங்கள். பிறகு ரைஃபிளை அசைக்காமல், ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குத் திருப்புங்கள். எம்.ஓ.ஏ. என்பது 100 கெஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் வரும் சிறு கோண அளவு. கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் திருகை ஒரு கிளிக் திருப்பினால் 100 கெஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம் நகரும். 25 கெஜத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான். அங்கே ஓர் அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேண்டும். முதல் வருஷம் நான் நாலே கிளிக் திருப்பிவிட்டு, குண்டு ஏன் நகரவில்லை என்று அரைப் பெட்டித் தோட்டாவைத் தீர்த்தேன்.

சரி, இனி பந்தயம். என்னுடையது .308 ரகத் தோட்டா, 150 கிரெயின் (10 கிராமுக்குச் சற்றுக் குறைவு) எடையுள்ள குண்டு. 100 கெஜத்துக்கு ஜீரோ செய்தால் 200-ல் சுமார் 4 அங்குலம் இறங்கும், 300-ல் ஓரடிக்கு மேல். 200-க்குச் செய்தால் 100-ல் 2 அங்குலம் மேலே அடிக்கும், 300-ல் இறக்கம் எட்டு ஒன்பது அங்குலத்தோடு நிற்கும்.

கேட்டதும் 200-தான் லாபம் என்று தோன்றும். ஆனால் வெண்வால் மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 8 அங்குல அகலம். நடுவில் குறிவைத்தால் மேலும் கீழும் 4 அங்குலம் இடம் உண்டு. அந்தக் கணக்கில் 100 கெஜ ஜீரோ 200 வரை போதும், 200 கெஜ ஜீரோ சுமார் 250 வரை. கூடுதலாகக் கிடைப்பது சுமார் 50 கெஜம்தான்!

வயோமிங்கின் திறந்த வெளியில் பிராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்கைத் தேடுகிறவருக்கு அந்த 50 கெஜம் பெரிய விஷயம். அவர் 200-ஐத் தேர்ந்தெடுப்பதே சரி. பென்சில்வேனியா ஓக் காட்டில் 80 கெஜம் தாண்டி மானைப் பார்ப்பதே அபூர்வம். இரண்டு கிளைகளுக்கு நடுவே உள்ளங்கையளவு சந்து வழியாகச் சுடும்போது, குறி வைத்த இடத்துக்கு 2 அங்குலம் மேலே போகும் குண்டு கிளையில் பட்டுத் திசை மாறலாம். மான் காயத்தோடு ஓடுவதை நினைத்தாலே எனக்கு மனசு கேட்காது. அதனால் என் ஓட்டு 100-க்கு.

200 வேண்டும் என்பவர்கள் ஒன்று செய்யுங்கள். 100-ல் 2 அங்குலம் மேலே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அங்கே அரை அங்குலம் பிசகினால் 200-ல் அது ஓர் அங்குலம். தோட்டாவின் வேகம் மாறினாலும் 200-ல்தான் அது நன்றாகத் தெரியும். 200 கெஜத் தாளில் மூன்று குண்டு சுட்டே உறுதி செய்யுங்கள். அப்புறம் குழல் முழுதாக ஆறட்டும், இன்னொரு நாள் வந்து ஒரே ஒரு குண்டு சுட்டுப் பாருங்கள். காட்டில் மான்மேல் போகப்போவது ஆறிய குழலின் அந்த முதல் குண்டுதான்.